காளானைப் படிக்கவா காலேஜுக்கு அனுப்புன?

ஜூன் கடைசியில் மழை பிடித்ததும் ஜாம்ஷெட்பூர் சாக்சி மார்க்கெட்டில் ஒரு புது வரிசை முளைக்கும். சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெண்கள் தரையில் சாக்கை விரித்து, கோலிக்குண்டு அளவில் மண் ஒட்டிய எதையோ குவித்து வைத்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பொடி உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். பெயர் ருக்டா. விலை கேட்டால் மயக்கம் வரும், ஆட்டுக்கறியோடு போட்டி போடும். சாவன் மாசம் முழுக்க கவுச்சி தொடாத வீடுகளில் இதுதான் கறிக்குழம்பு.

இந்த ஊருக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சை நம்பி கால் கிலோ வாங்கிப் போனேன். "கோலிக்குண்டுக்கா இவ்வளவு காசு குடுத்தீங்க?" என்று தங்கமணி ஒரு பிடி பிடித்தார். பிறகு கழுவிக் கழுவி கை ஓய்ந்து, நம்ம ஊர் மசாலா அரைத்துக் குழம்பு வைத்தார். வாயில் போட்டால் மேல்தோல் நறுக்கென்று கடிபட்டு உள்ளே வெண்ணெய் மாதிரி கரைகிறது. அன்றிலிருந்து வருஷம் தவறுவதில்லை.

ருக்டா என்பது ஒரு காளான், மண்ணுக்கு அடியில் உருண்டையாக வளர்வது. இடி இடித்தால்தான் அது கிடைக்கும் என்று விற்கிற அம்மாக்கள் சொல்வார்கள். கேட்டதும் எனக்குக் கொசுவத்தி சுற்ற ஆரம்பித்துவிடும். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஆச்சியும் இதையேதான் சொல்லுவாள். ராத்திரி இடி இடித்தால் விடியற்காலையில் ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு புற்றுக்காளான் பறிக்கக் கிளம்பிவிடுவாள். ஆயிரத்தெழுநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மொழி தெரியாத ஊரில், அதே இடி, அதே நம்பிக்கை!

இதை என் மகளிடம் பெருமையாகச் சொன்னபோது அவள் ஒரே வரியில் என் கொசுவத்தியை அணைத்தாள். "அப்பா, அது வேற, இது வேற. ஆச்சி பறிச்சது கரையான் வளர்க்கிற காளான். ருக்டா மரத்தோட சேர்ந்து வாழுற காளான். சால் மரம் இல்லாட்டி ருக்டா இல்ல."

இந்தப் பதிவு அந்த ஒரு வரியில் தொடங்கிய சண்டையைப் பற்றியது. ஊரை விட்டு வந்து பிழைக்கிற நம்மில் பல வீடுகளில் இப்போதோ பிறகோ வரப்போகிற சண்டை என்பதால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மகள் தாவரவியலில் பட்டம் முடித்துவிட்டாள். (இஞ்சினியரிங் வேண்டாம் என்று அவள் சொன்னபோது நடந்த முதல் உலகப்போரை விட்டுவிடுகிறேன்.) பேங்க் பரீட்சை எழுது என்றேன். அவளோ சூழலியலில் முதுகலை, பிறகு ஆராய்ச்சி, அதுவும் மண்ணில் இருக்கிற பூஞ்சைகளைப் பற்றி என்று நின்றாள். இரண்டாம் உலகப்போர். ஊரிலிருந்து அப்பா போன் செய்து கேட்டதுதான் தலைப்பு. "எய்யா, காளானப் படிக்கவா புள்ளைய காலேஜுக்கு அனுப்புன? அத எங்காத்தா பள்ளிக்கூடம் போகாமயே படிச்சிருந்தாளே!"

பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால் நானே கொஞ்சம் படிக்க ஆரம்பித்தேன். ஆணி பிடுங்கிய நேரம் போக, இரண்டு மாதம். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

பெரும்பாலான செடி கொடி மரங்களின் வேர்கள் தனியாக வேலை செய்வதில்லை. வேரோடு ஒரு பூஞ்சை ஒட்டி வாழ்கிறது. நூலை விட மெல்லிய இழைகளை மண்ணுக்குள் பரப்பி, வேர் நுழைய முடியாத இடுக்குகளில் இருந்து தண்ணீர், பாஸ்பரஸ், நைட்ரஜன் கொண்டு வந்து கொடுக்கிறது. பதிலுக்கு மரம், இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கொடுக்கிறது. 1885-லேயே ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மானியர் இதற்கு மைக்கோரைசா என்று பெயர் வைத்துவிட்டார். வேர்ப்பூஞ்சை என்று வைத்துக்கொள்வோம். சில வகைகள் வேரின் செல்லுக்கு உள்ளேயே நுழைந்து வாழும், நெல், சோளம், பருத்தியில் எல்லாம் இந்த வகைதான். சில வகைகள் வேர் நுனிக்கு வெளியே உறை போட்டதுபோல் சுற்றிக்கொள்ளும். சால், பைன், ஓக் மரங்களில் இந்த உறை வகை. ருக்டாவும் இந்தக் கூட்டம்தான். வைக்கோலில் சிப்பிக்காளான் வளர்ப்பது மாதிரி இதை ஷெட் போட்டு வளர்க்க முடியாததற்குக் காரணம் இதுவே. அதற்குச் சோறு போடுவது உயிருள்ள மரம்.

தேடும்போது திரும்பத் திரும்ப வந்த பெயர் சூசன் சிமார்ட். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக்காரர், 1960-ல் பிறந்தவர். குதிரை கட்டி மரம் இழுத்த குடும்பத்துப் பெண். மரம் வெட்டும் கம்பெனியில் கோடைக்கால வேலைக்குப் போனவர், வெட்டிய இடத்தில் வரிசையாக நட்ட கன்றுகள் மஞ்சளித்துச் சாவதைப் பார்க்கிறார். பிடுங்கிப் பார்த்தால் வேரில் பூஞ்சை இழைகளைக் காணோம். அந்தக் காலத்து அரசுக் கொள்கை என்னவென்றால், விலை போகிற டக்ளஸ் ஃபிர் மரத்துக்கு நடுவில் தானாக முளைக்கிற பிர்ச் மரம் களை. வெட்டு, அல்லது களைக்கொல்லி அடி. பிறகு அரசு வனத்துறையில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்த சிமார்ட், பிர்ச்சை ஒழித்த இடங்களில் ஃபிர் மரங்கள் வேர் நோயில் கூடுதலாகச் சாவதைக் கவனித்தார்.

அப்புறம் செய்த சோதனைதான் அவரைப் பிரபலமாக்கியது. பிர்ச், ஃபிர், செடார் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டார். கன்றுகளுக்குப் பிளாஸ்டிக் பை மாட்டி, பிர்ச்சுக்கு ஒரு வகைக் கார்பன், ஃபிருக்கு இன்னொரு வகைக் கார்பன் கலந்த வாயுவைச் செலுத்தினார். ஒன்று கார்பன்-14, மற்றது கார்பன்-13. அடையாளம் போட்ட நோட்டு மாதிரி, எந்தப் பணம் யார் பைக்குப் போனது என்று பிறகு கண்டுபிடித்துவிடலாம். கார்பன் இரண்டு பக்கமும் போய் வந்திருந்தது. கூட்டிக் கழித்தால் பிர்ச்சிடம் இருந்து ஃபிருக்கு லாபம், ஃபிர் உள்வாங்கிய அளவில் சராசரியாக 6 சதவீதம். ஃபிருக்கு நிழல் அதிகமானால் வருவதும் அதிகம். வேறு வகைப் பூஞ்சை வைத்திருந்த செடாருக்குச் சொற்பமே கிடைத்தது. 1997-ல் இது நேச்சர் இதழில் வந்தது. இதழ் அட்டையில் 'வுட் வைட் வெப்' என்று போட்டார்கள். இணையம் வந்த புதுசு, பெயர் பற்றிக்கொண்டது.

2002-ல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். 2010-ல் அவர் குழு 30 மீட்டருக்கு 30 மீட்டர் காட்டில், எந்தப் பூஞ்சை எந்தெந்த மரத்தின் வேரில் இருக்கிறது என்று மரபணு பார்த்து வரைபடம் போட்டது. ஒரே ஒரு பெரிய மரம் 47 மரங்களோடு பூஞ்சை வழியாகத் தொடர்பில் இருந்தது. அந்த மாதிரிப் பெரிய மரங்களுக்கு அவர் வைத்த பெயர் 'தாய் மரம்'. 2016-ல் டெட் உரை, 2021-ல் புத்தகம்.

தாய் என்று சொன்னால் நம்மாட்களுக்குச் சொல்லவா வேண்டும்! உடனே குடும்ப வாட்சப் குழுவில் போட்டேன். "தாய் மரம் தன் குட்டி மரங்களுக்கு மண்ணுக்கு அடியில் பால் கொடுக்கிறது. நம் முன்னோர்கள் சும்மாவா மரத்தைக் கும்பிட்டார்கள்?" நாற்பது பேர் கைகூப்பினார்கள். அப்பா கூட "நல்ல விசயந்தான்" என்று சொல்லிவிட்டார். மகளுக்கு ஆதரவாக ஒரு ஓட்டு விழுந்தது என்று நினைத்தேன்.

மகள் ராத்திரி என் அறைக்கு வந்தாள். "அப்பா, நீங்க எனக்காகத்தான் போட்டீங்க, தெரியும். ஆனா அது அப்படி இல்ல. நீங்க போட்டதுல பாதிக்கு ஆதாரம் கிடையாது."

எனக்குச் சுருக்கென்றது. அவள் விளக்கியது இதுதான். 2023-ல் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்செமா என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள், இந்த விஷயத்தில் காடுகளில் நடந்த சோதனைகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். இப்படி வலைப்பின்னல் மரபணு வழியாக வரைபடமாக்கப்பட்டது மிகச் சில காடுகளில்தான். அதை வைத்துக்கொண்டு எல்லாக் காட்டிலும் உண்டு என்று சொல்லிவிட முடியாது. கார்பன் ஒரு மரத்தில் இருந்து இன்னொரு மரத்துக்குப் போகிறது என்றாலும், அது பூஞ்சை இழை வழியாகத்தான் போனதா, மண்ணில் கசிந்து போனதா என்று பல சோதனைகளில் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த வரவால் கன்று நன்றாக வளர்ந்தது என்பதற்கும் சான்று கலவையாகவே இருக்கிறது. தாய் மரம் தன் பிள்ளையை அடையாளம் கண்டு கூடுதலாகக் கொடுக்கிறது என்பதற்குக் காட்டில் செய்து, சக ஆய்வாளர்கள் சரிபார்த்து வெளியிட்ட ஒரு சோதனை கூட இல்லை என்றார்கள்.

இதில் என்னை உட்கார வைத்த விஷயம் ஒன்று உண்டு. அந்த மூவரில் மெலனி ஜோன்ஸ், 1997 நேச்சர் கட்டுரையில் சிமார்ட்டோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டவர்! இருபத்தாறு வருஷம் கழித்து, தன் பெயரும் இருக்கிற ஒரு வேலையைப் பற்றி, 'இதிலிருந்து இவ்வளவு தூரம் போக முடியாது, நாமும் சேர்ந்தேதான் ஊதிவிட்டோம்' என்கிற மாதிரி வந்து நிற்கிறார். நம் ஆபீஸில், போன காலாண்டு பிரசன்டேஷனில் போட்ட எண் தப்பு என்று ஒத்துக்கொண்ட ஆளை நான் பார்த்ததில்லை. (நானும் ஒத்துக்கொண்டதில்லை.)

சிமார்ட் தன் ஆய்வில் உறுதியாகவே நிற்கிறார். 2015-ல் அவர் தொடங்கிய 'தாய் மரத் திட்டம்' நடந்துகொண்டிருக்கிறது. வெவ்வேறு தட்பவெப்பம் உள்ள காடுகளில் சில இடங்களில் முழுக்க வெட்டி, சில இடங்களில் 30 சதவீதம், 60 சதவீதம் மரங்களை விட்டு, சில இடங்களில் வெட்டாமலே விட்டு, மண்ணும் கன்றும் கார்பனும் என்ன ஆகின்றன என்று அளக்கிறார்கள். பூஞ்சை வழிச் செய்தி பற்றிய சண்டை எப்படி முடிந்தாலும், முழுக்க மொட்டையடிக்காமல் பெரிய மரங்களை விட்டு வைத்தால் என்ன லாபம் என்ற கேள்விக்கு அந்த அளவுகளில் இருந்து பதில் கிடைக்கும். ஒரு ஆராய்ச்சியாளரின் நாற்பது வருஷ உழைப்பில் எது நிற்கும், எது விழும் என்பதை அவரே தீர்மானிக்க முடியாது போலிருக்கிறது. ஆனால் கேள்வியை மண்ணுக்கு அடியில் கொண்டு போய் வைத்தவர் என்ற பெருமை அவருடையது.

இதே துறையில் டோபி கியர்ஸ் என்று இன்னொருவர், ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறார். அவர் பார்வையில் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை, வெறும் கொடுக்கல் வாங்கல். 2011-ல் சயன்ஸ் இதழில் அவர் குழு காட்டியது: கூடுதல் பாஸ்பரஸ் கொடுக்கிற பூஞ்சைக்குச் செடி கூடுதல் சர்க்கரை கொடுக்கிறது, ஏமாற்றுகிற பூஞ்சைக்குக் குறைக்கிறது. பூஞ்சையும் பதிலுக்கு அதையே செய்கிறது. கோவில்பட்டி சந்தை மாதிரியே இருக்கிறது! 2021-ல் உலகம் முழுக்க வேர்ப்பூஞ்சைகளை வரைபடமாக்க ஸ்பன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 2025-ல் அவர்கள் நேச்சரில் வெளியிட்ட வரைபடத்தில் ஒரு எண் என் கண்ணில் தங்கிவிட்டது. வேர்ப்பூஞ்சை வகைகள் மிகச் செழிப்பாக இருக்கும் என்று கணித்த இடங்களில் 10 சதவீதத்துக்கும் குறைவுதான் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் வருகிறது. புலிக்கு, யானைக்கு, பறவைக்கு என்று கோடு போட்டோம். மண்ணுக்காக யாரும் கோடு போடவில்லை.

சரி, இதெல்லாம் கனடா, ஹாலந்து கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு மகளை ஒரு ஆராய்ச்சி மாணவியோடு களப்பணிக்கு விட மேற்கு சிங்பூம் பக்கம் காரில் போனேன்.

சால் காட்டுக்குள் ஒரு பெரிய மரத்தடியில் மேல்மண்ணை மெல்ல விலக்கி, ஒரு பொடி வேரைத் தண்ணீரில் அலசி, லென்ஸ் கொடுத்தார்கள். வேர் நுனிகள் தீக்குச்சி முனை மாதிரி தடித்து, வெள்ளையாக உறை போட்டிருந்தன. அரை மணி நேரம் கழித்துத் திரும்புகிற வழியில் ரோட்டோரம் ஒரு தோட்டக்காடு. கருவேல் குடும்பத்து வெளிநாட்டு அகேஷியா, வரிசை பிடித்து, நூல் போட்டது மாதிரி. கீழே வேறு முளைப்பு அதிகம் இல்லை. "இதுவும் காடுதான் அப்பா, கணக்குல" என்றாள் மகள்.

தேடிப் பார்த்தேன், உண்மைதான். இந்திய வன அளவைத் துறை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வெளியிடும் அறிக்கைக்கான கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மேலிருந்து பார்க்கும்போது 10 சதவீதம் மரக்கவிகை இருந்தால் அது வனப் பரப்பு. என்ன மரம், யார் நிலம் என்ற வித்தியாசம் இல்லை. செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது, பச்சை என்றால் பச்சை. நாட்டின் நிலைமையை ஒரே அளவுகோலில் அறிய அது தேவைதான். ஆனால் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு 'அங்கே வெட்டியதற்கு இங்கே நட்டுவிட்டோம், சரியாகிவிட்டது' என்று சொல்லும்போதுதான் தப்பு தொடங்குகிறது. 2016-ல் வந்த ஈடுகட்டும் காடுவளர்ப்பு நிதிச் சட்டம், 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காடு கைமாறினால் வேறிடத்தில் நடுவதற்கான பணத்துக்கு ஒரு ஏற்பாடு செய்தது. பணம் சேர்கிறது, கன்றுகள் எண்ணப்படுகின்றன. அடியில் இருந்தது எண்ணப்படுவதில்லை.

அடியில் இருந்தது முக்கியமா? புவேர்ட்டோ ரிக்கோ தீவில் 1930-களில் இருந்து பைன் மரம் வளர்க்கப் பார்த்தார்கள். முளைத்த கன்றுகள் வளராமல் மஞ்சளித்துச் செத்தன. 1950-களில் அமெரிக்கப் பைன் காட்டில் இருந்து பூஞ்சை உள்ள மண்ணைக் கொண்டு வந்து போட்ட பிறகே கன்றுகள் எழுந்தன. விதை, தண்ணீர், வெயில் எல்லாம் முன்பும் இருந்தன, கூட்டாளி மட்டும் இல்லை. சால் இன்னும் கஷ்டம். அதன் விதைக்கு ஆயுசு ஒரு வாரம் போல, அதற்குள் மழை மண்ணில் விழுந்து முளைத்தாக வேண்டும். அதனால் சால் காட்டைப் புதிதாக நட்டு உண்டாக்குவதைவிட, இருப்பதை அழியாமல் தழைக்க விடுவதுதான் வனத்துறைக்காரர்களே நம்பும் வழி. சுரங்கத்துக்காக மேல்மண்ணை வாரிப் பக்கத்தில் குவித்து வைத்து, பிறகு பரப்பலாம் என்பது விதி. ஆனால் வருஷக்கணக்கில் குவிந்து கிடக்கிற மண்ணில் வேர் கிடையாது, வேர் இல்லாமல் இந்தப் பூஞ்சைகள் மெல்ல மெல்லச் செத்துப்போகின்றன.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் வேலை செய்வது ஆதித்யபூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில். நாங்கள் உருக்குவதும் அடிப்பதும் இரும்பு. அந்த இரும்பின் கனிமம் சாரண்டா மாதிரியான சால் காடுகளுக்கு அடியில் இருந்துதான் வருகிறது. என் வீட்டு அரிசி அதில்தான் வேகிறது. மகளின் கல்லூரிக் கட்டணமும் அதுதான். அதனால் சுரங்கத்தை மூடு என்று இங்கே உட்கார்ந்து எழுதினால் அது நாடகம். ஆனால் எங்கே தோண்டலாம், எங்கே கூடவே கூடாது, தோண்டிய பிறகு எதைத் திருப்பித் தர முடியும், எதை முடியாது என்று சொல்ல ஆள் வேண்டாமா? 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சாரண்டாவில் முப்பத்தோராயிரம் ஹெக்டேருக்கு மேல் சரணாலயமாக அறிவிக்கச் சொல்லி ஜார்க்கண்ட் அரசுக்கு உத்தரவிட்டது. கோடு எங்கே போட வேண்டும் என்ற சண்டையில் வக்கீலும் இருக்கிறார், கம்பெனியும் இருக்கிறது, அரசும் இருக்கிறது. அந்த மேசையில் மண்ணைத் தெரிந்தவர்களும் உட்கார வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கோடு போடுவதோடும் முடியாது. காடு இப்போது துண்டு துண்டாகக் கிடக்கிறது, நடுவில் வயல், ரோடு, ஊர், தோட்டம். துண்டுகளைச் சேர்த்து ஒரே நிலப்பரப்பாகப் பார்க்கிற வேலை நம் வால்பாறையிலேயே நடக்கிறது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்காரர்கள் இருபது வருஷத்துக்கு மேலாக, தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே சிதைந்து கிடக்கும் மழைக்காட்டுத் துண்டுகளை, அந்த மண்ணுக்கே உரிய மரங்களின் கன்றுகளை வளர்த்து நட்டு மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். தோட்ட முதலாளிகளையும் சேர்த்துக்கொண்டு! திவ்யா முத்தப்பா, டி.ஆர். சங்கர் ராமன் இருவரும் ஒரே மலையில் தங்கள் வாழ்நாள் வேலையைச் செய்கிறவர்கள். வருஷத்துக்கொரு கம்பெனி மாறுவதைத் திறமை என்று சொல்லிக்கொள்கிற நமக்கு இது புரியக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

இந்தியாவுக்கு இது புது விஷயமும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் துறையில் டி.எஸ். சதாசிவன் பருத்தி வாடல் நோய்க்குக் காரணமான மண் பூஞ்சையை ஆராய்ந்து ஒரு பெரிய மாணவர் பரம்பரையையே உண்டாக்கினார். பருத்திக் காட்டுக்காரரான என் அப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "வாடல் நோயா? அதுல நம்ம ஒரு வெள்ளாமையே போச்சேய்யா" என்றார். காளானைப் படிக்கிற படிப்பு என்ன என்று அவருக்குப் புரிந்த இடம் அதுதான். தாய் மரம் தேவைப்படவில்லை.

சரி, காசு? நேராகப் பேசுவோம், நாம் ஊரை விட்டு வந்ததே அதற்காகத்தான். தேசியத் தகுதித் தேர்வில் தேறி ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023-ல் உயர்த்திய கணக்குப்படி முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. மகளோடு பள்ளியில் படித்து ஐடிக்குப் போனவன் இதைப் பார்த்துச் சிரிப்பான். உதவித்தொகை சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும் என்று மாணவர்கள் புலம்புகிறார்கள். முனைவர் பட்டம் முடிய ஐந்தாறு வருஷம். அதற்குப் பிறகும் நிரந்தர வேலை சுலபமில்லை. இதையெல்லாம் மறைத்து 'கனவைத் துரத்து கண்ணே' என்று பிள்ளைகளிடம் சொல்வது துரோகம்.

ஆனால் வழியே இல்லை என்பதும் பொய். ராஞ்சியில் வன உற்பத்தித்திறன் நிறுவனம் இருக்கிறது, கோயம்புத்தூரில் வன மரபியல் நிறுவனம், டேராடூனில் வனவிலங்கு நிறுவனம், பெங்களூரில் ஏட்ரீ. இந்திய வனப்பணித் தேர்வுக்குத் தாவரவியல் பட்டம் போதும். வேர்ப்பூஞ்சையை உரமாக்கி விற்கிற தொழில்நுட்பத்தை டெல்லி டெரி நிறுவனம் உருவாக்கிக் கம்பெனிகளுக்கே கொடுத்திருக்கிறது. கதவுகள் சின்னவை, ஆனால் இருக்கின்றன.

வெளியூர்வாழ் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான். நாம் பிள்ளைகளுக்குப் பத்திரமான வேலை தேடுவது, நம் தலைமுறை பட்ட பயத்தால். நமக்குக் கீழே விழுந்தால் பிடிக்க நிலம் இல்லை, ஆள் இல்லை, மொழி இல்லை. அதில் தப்பில்லை. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பயம் இல்லை. நான் பல வருஷம் ருக்டாவை வாங்கித் தின்றேன், அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. எனக்கு இது பிழைக்க வந்த ஊர். அவளுக்கு இது அவள் ஊர் மண். நம் பயத்தை அவள் சீதனமாக எடுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொன்று, எனக்கு இது முக்கியம். தனக்குச் சாதகமான பொய்யை, அதுவும் அப்பாவே சொன்ன பொய்யை, 'ஆதாரம் இல்லை' என்று திருப்பிக் கொடுத்தாளே, அந்தக் குணத்துக்கு எந்த வேலையில் மரியாதை இருக்கிறதோ அந்த வேலைக்கு அவள் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

தங்கமணி மூன்று வருஷம் கெடு கொடுத்திருக்கிறார். அதற்குள் உதவித்தொகைத் தேர்வில் தேற வேண்டும், இல்லையென்றால் பேங்க் பரீட்சை. மகளும் ஒத்துக்கொண்டாள். நியாயமான ஒப்பந்தம்தான், மரமும் பூஞ்சையும் போட்டுக்கொள்வது மாதிரி. வாட்சப் குழுவில் நான் போட்டதற்கு ஒரு திருத்தமும் போட்டேன். நாற்பது கைகூப்பலுக்கு எதிரே, திருத்தத்துக்கு விழுந்தது இரண்டு. ஒன்று அப்பாவுடையது.

போன மாதம் பேசும்போது அப்பா பேத்தியிடம் கேட்டாராம். "ஏத்தா, இப்பல்லாம் இடி இடிச்சும் நம்ம காட்டுல புத்துக்காளான் முன்ன மாதிரி வரலயே, அது ஏன்னு உங்க படிப்புல சொல்வாங்களா?" அவள், "தெரியல தாத்தா, வந்து பார்க்கணும்" என்றிருக்கிறாள். பொங்கலுக்கு இருவரும் புற்றுகளைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்களாம். பொங்கலுக்குக் காளான் இருக்காதே என்றேன். "புத்து இருக்கும்ல, அங்கேர்ந்துதானே பார்க்கணும்" என்றாள்.

யாராவது ஆடி மாதத்தில் இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். ருக்டா குழம்பு உண்டு. கழுவுவது மட்டும் உங்கள் பொறுப்பு.